சுயேச்சையாகவோ சிறிய கட்சியின் சார்பிலோ வடசென்னையில் போட்டியிடுபவர்களுக்கு: வேட்புமனு தள்ளுபடி ஆகாமல் காப்பது எப்படி?

சட்டமன்றத் தேர்தலில் அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை, அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சையாக நிற்பவரையும், தேர்தல் ஆணையத்தில் பதிவு மட்டும் பெற்று அங்கீகாரம் பெறாத கட்சியின் சார்பில் நிற்பவரையும் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். இரு வகையினருக்கும் இடையே சட்டம் வைத்திருக்கும் மிகப் பெரிய வேறுபாடு இதுதான். திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், இராயபுரம் என்று நம் பக்கத்துத் தொகுதிகளில் குடிநீருக்காகவும் பட்டாவுக்காகவும் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்து அலைந்து, ஒரு கட்டத்தில் நாமே நின்றுவிடுவோம் என்று முடிவெடுப்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் இடம்பெறுமா என்பது பரிசீலனை நாளன்று தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில் இருக்கும் காகிதங்களைப் பொறுத்தது. அந்தக் காகிதங்களை எப்படிப் பழுதில்லாமல் தயார் செய்வது என்பதையே இங்கே சொல்கிறேன்.

இந்த விதிகள் ஏன் இறுகின என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. அப்போது பொதுப் பிரிவு வேட்பாளர் சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்டவேண்டிய டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, டெபாசிட் 5,000 ரூபாயாக உயர்ந்தது; பத்து முன்மொழிபவர்கள் என்ற விதியும் வந்தது. பிறகு 2009-ல் செய்யப்பட்ட திருத்தத்தால் டெபாசிட் 10,000 ரூபாய் ஆனது. வேட்பாளர் கூட்டத்தைக் கட்டுப்படுத்த நினைத்ததில் தவறில்லை. ஆனால் அலுவலகமும் வழக்கறிஞர் அணியும் வைத்திருக்கும் கட்சிக்கு ஒரு கையெழுத்து, எதுவும் இல்லாதவருக்குப் பத்துக் கையெழுத்து என்ற ஏற்பாடு நியாயமானதன்று என்றே நான் கருதுகிறேன். அது மாறும்வரை, அந்த விதிக்குள் நின்றே மனுவைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

காலமும் இடமும்

அறிவிக்கை வெளியான நாளுக்கு அடுத்த ஏழாம் நாள் மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள், மறுநாள் பரிசீலனை, பரிசீலனைக்கு அடுத்த இரண்டாம் நாள் மாலை 3 மணி வரை மனுவைத் திரும்பப் பெறலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் மார்ச் 12 முதல் 19 வரை மனுக்கள் பெறப்பட்டன. 20-ஆம் தேதி பரிசீலனை. 22-ஆம் தேதி திரும்பப் பெறக் கடைசி நாள். ஏப்ரல் 6-ல் வாக்குப்பதிவு. மனுக்களைக் காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை மட்டுமே வாங்குவார்கள். அரசு விடுமுறை நாட்களில் வாங்கமாட்டார்கள். ஆகவே அறிவிக்கை வந்த பிறகு ஆட்களைத் தேடத் தொடங்குபவர் பாதித் தோல்வியோடுதான் தொடங்குகிறார்.

சென்னையில் மாவட்டத் தேர்தல் அலுவலராக இருப்பவர் மாநகராட்சி ஆணையர். எனவே மனு வாங்கும் இடம் நம் பகுதியில் மாநகராட்சியின் மண்டல அலுவலகமாக இருப்பது வழக்கம், 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்குத் தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில்தான் மனுக்கள் பெறப்பட்டன. இருந்தாலும் பழைய நினைவை நம்பிப் போகாமல், அந்தத் தேர்தலுக்கான பொது அறிவிப்பில் எந்த அலுவலகம், எந்த உதவி அலுவலர் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனுவை வேட்பாளரோ முன்மொழிந்தவர்களில் ஒருவரோ நேரில் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்புவதும், வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புவதும் செல்லாது. ஆணையத்தின் சுவிதா தளத்தில் விவரங்களை நிரப்ப வசதி உண்டு. ஆனால் அதை அச்செடுத்துக் கையெழுத்திட்டு நேரில் கொடுத்தால்தான் மனு ஆகும்.

பத்துப் பேர்

சட்டமன்றத் தேர்தலுக்கான மனு படிவம் 2பி, மக்களவைக்கு 2ஏ. அதில் முதல் பகுதி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளருக்கு உரியது. நீங்கள் நிரப்பவேண்டியது இரண்டாம் பகுதி. அங்கே பத்து வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் முன்மொழிபவரின் பாகம் எண், அந்தப் பாகத்தில் அவருடைய வரிசை எண், முழுப் பெயர், கையெழுத்து, தேதி ஆகியவை வர வேண்டும். பார்ப்பதற்கு ஒரு பக்க வேலை. வேட்பாளர்கள் பலர் இதைக் கடைசி நாள் காலையில் தேநீர்க் கடை வாசலில் வைத்து முடித்துவிடப் பார்க்கிறார்கள். உங்கள் உழைப்பில் பெரும் பங்கை இந்த ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள் என்பதே நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது.

முதல் நிபந்தனை, பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும் என்பது. வேட்பாளர் தமிழ்நாட்டில் எந்தச் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளராகவும் இருக்கலாம். முன்மொழிபவருக்கு அந்தச் சலுகை இல்லை. வடசென்னையில் தொகுதி எல்லைகள் நெருக்கமான குடியிருப்புகளின் நடுவே ஓடுவதால், பக்கத்துத் தெருக்காரர் வேறு தொகுதியில் இருப்பது சாதாரணம். வாக்காளர் அட்டையை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. அட்டை பழைய முகவரியில் இருக்கும், பெயர் வேறு பாகத்துக்குப் போயிருக்கும். கால்வாய்க் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடியமர்த்தப்பட்டவர்கள் இன்னமும் பழைய தெருவுக்கு வந்து போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய வாக்கு இங்கேயே இருக்கிறதா என்பதைப் பட்டியலில்தான் உறுதிசெய்ய முடியும். 2025-ல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பழைய பட்டியலின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அப்படியே எடுத்து எழுதுவது ஆபத்தானது. தேர்தலுக்கு நடைமுறையில் உள்ள கடைசிப் பட்டியலையும் அதன் துணைப் பட்டியலையும் எடுத்து, ஒவ்வொருவரின் வரியிலும் விரலை வைத்துப் படித்து எண்ணை எழுதுங்கள்.

இரண்டாவது, கையெழுத்து. எழுதத் தெரியாதவரும் முன்மொழியலாம். ஆனால் அவர் பெருவிரல் ரேகையைத் தேர்தல் நடத்தும் அலுவலரின் முன்னிலையிலோ அதற்கென ஆணையம் குறிப்பிட்ட அலுவலரின் முன்னிலையிலோதான் வைக்க வேண்டும், அவர் அதற்குச் சான்றொப்பம் இட வேண்டும். வீட்டிலேயே மை தடவி வைத்த கைநாட்டைக் கொண்டுபோனால் அந்த வரிசை கணக்கில் வராது. மீதி ஒன்பது பேர்தான் மிஞ்சுவார்கள். ஆகவே கைநாட்டு வைப்பவர் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேருக்கு மட்டுமே உள்ளே அனுமதி என்பதால், யார் யார் உள்ளே வருவது என்பதை வாசலில் நின்று பேசாமல் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது: கையெழுத்திட்டவர் பரிசீலனை முடியும்வரை அந்தக் கையெழுத்தில் நிற்க வேண்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தார். அவரை முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர், அவை தங்கள் கையெழுத்துகள் அல்ல என்று கூறிவிட்டார்கள். அவர்கள் மிரட்டப்பட்டதாக விஷால் குற்றம் சாட்டினார். ஆனாலும் மனு தள்ளுபடி ஆனது. நாடறிந்த ஒருவருக்கே இப்படி நடக்குமென்றால், ஓட்டேரியிலோ கொருக்குப்பேட்டையிலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு நிற்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேரின் கையெழுத்து உண்மையானது என்பதால் மனு பிழைக்காது. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் அது முழுமையற்ற மனுதான்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரு வேட்பாளர் ஒரே தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம். நான்குக்கும் சேர்த்து ஒரே டெபாசிட் போதும். அவற்றில் ஒன்று செல்லுபடியானாலும் நீங்கள் வேட்பாளர்தான். ஆகவே குறைந்தது இரண்டு மனுக்களைக் கொடுங்கள். இரண்டிலும் முற்றிலும் வேறு வேறு பத்துப் பேர் இருக்கட்டும். அதே பத்துப் பேரை வைத்து நான்கு மனுக்கள் கொடுத்தால், ஒருவர் பின்வாங்கியதும் நான்கும் சேர்ந்தே விழும். முன்மொழிபவர்களை ஒரே குடும்பத்திலிருந்தோ ஒரே முதலாளியிடம் வேலை செய்பவர்களிலிருந்தோ எடுக்காமல் இருப்பது நல்லது; ஒருவருக்கு வரும் நெருக்கடி மற்றவர்களையும் சாய்த்துவிடும். அரசியல் பேச்சுக்கு உற்சாகமாகத் தலையாட்டுபவரைவிட, யார் வந்து கேட்டாலும் ஆமாம், நான்தான் போட்டேன் என்று சொல்லக்கூடிய அமைதியான ஒருவர் மேலானவர். அவர் வீட்டுக்குப் போய், வீட்டில் உள்ளவர்களும் கேட்கும்படி, முன்மொழிவது என்றால் என்ன, பிறகு யாராவது வந்து விசாரிக்கக்கூடும் என்பதையெல்லாம் சொல்லிவிட்டே கையெழுத்து வாங்குங்கள். வாக்காளர் அட்டையின் நகலில் இன்னொரு கையெழுத்தும், தாமாகவே முன்மொழிந்ததாக ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொண்டால், பரிசீலனையில் மாதிரிக் கையெழுத்தாக அவை உதவும்.

காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் நிற்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. மனுத் தாக்கல் மார்ச்சில் வந்தால் விசைப்படகுகள் கடலில் இருக்கும். தங்கல் மீன்பிடிக்குப் போனவர் பல நாள் கழித்தே கரை சேர்வார். பரிசீலனை நாளில் கரையில் இருப்பவர்களையே முன்மொழிபவர்களாக வையுங்கள். மீன் விற்கும் பெண்களில் இதற்கு உறுதியான ஆட்கள் கிடைப்பார்கள்.

படிவம் 26

சொத்து, கடன், வழக்குகள், கல்வித் தகுதி, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைச் சொல்லும் பிரமாணப் பத்திரம் இது. முத்திரைத்தாளில் தயாரித்து, நோட்டரி பப்ளிக் அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் போன்றோர் முன்னிலையில் உறுதியளித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் சேர்க்க வேண்டும்.

எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது. கோடு போட்டும் விடக் கூடாது. சொத்து இல்லை என்றால் "இல்லை" என்றும், பொருந்தாத கேள்விக்குப் "பொருந்தாது" என்றும் எழுத வேண்டும். விவரம் தெரியாதபோது "தெரியவில்லை" என்று எழுதுங்கள். வாக்காளரின் அறியும் உரிமை வெற்றிடத்தால் பறிபோகிறது என்ற காரணத்தால், நினைவூட்டிய பிறகும் கட்டங்களை நிரப்பாமல் விட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது. விஷாலின் மனு தள்ளுபடியான அதே பரிசீலனையில் ஜெ. தீபாவின் மனுவும், படிவம் முழுமையாக நிரப்பப்படவில்லை என்று தள்ளுபடி ஆனது. கணவன் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் பத்திகளும் இதில் அடங்கும். மனைவியின் அடகு நகை, மகளிர் குழுக் கடன், மகன் பெயரில் வாங்கிய இருசக்கர வாகனம் ஆகியவற்றைச் சேர்க்க மறப்பவர்களே அதிகம். கடந்த பத்து ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி ஆகியவற்றில் பாக்கி இல்லை என்ற சான்றும் தேவைப்படும்.

போராட்டங்களில் கலந்துகொண்டவர்கள் மீது வழக்குகள் இருக்கும். சாலை மறியல் வழக்குதானே என்று விட்டுவிடாமல், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் விசாரித்து, முதல் தகவல் அறிக்கை எண், பிரிவு, வழக்கின் நிலை எல்லாவற்றையும் எழுதுங்கள். வழக்கு நிலுவையில் இருப்பது போட்டியிடத் தடையன்று; அதை மறைப்பதுதான் தேர்தலுக்குப் பின்னரும் துரத்தும். வழக்கு உள்ளவர்கள், சுயேச்சையாக இருந்தாலும், அந்த விவரத்தைப் பிரசாரக் காலத்தில் மூன்று முறை செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

டெபாசிட், உறுதிமொழி, மற்றவை

சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுத் தொகுதியில் நின்றாலும் அதில் பாதி கட்டினால் போதும், ஆனால் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். திரு.வி.க.நகர் தனித் தொகுதி என்பதால் அங்கே வேட்பாளர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். முன்மொழிபவர்கள் எந்தச் சமூகத்தவராகவும் இருக்கலாம். காசோலை வாங்கமாட்டார்கள். சில்லறையாகக் கொண்டுபோய் எண்ண வைப்பது செய்தியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். கடைசி நாளில் அது உங்கள் நேரத்தையே தின்றுவிடும். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்: 1,80,000 வாக்குகள் செல்லுபடியானால் 30,000 போதாது, அதற்கு மேல் ஒரு வாக்காவது வேண்டும். மனு தள்ளுபடி ஆனாலும், நீங்களே திரும்பப் பெற்றாலும் பணம் திரும்ப வரும்.

மனுவைக் கொடுத்த பிறகு அரசியல் சட்டத்தின்படி உறுதிமொழி எடுக்க வேண்டும். இது பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால் எல்லாம் வீண். மனுவைக் கொடுத்த கையோடு அதே அறையில் எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளில் உங்களுக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேறு தொகுதியின் வாக்காளராக இருந்தால், உங்கள் பெயர் உள்ள வாக்காளர் பட்டியல் பக்கத்தின் சான்றளிக்கப்பட்ட நகலை மனுவோடோ பரிசீலனையின்போதோ காட்ட வேண்டும். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை, மனுக் கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னராவது தொடங்கியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களுக்குள் எடுத்த புகைப்படம் கொடுங்கள். உங்கள் பெயரையே கொண்ட இன்னொருவர் நிறுத்தப்பட்டால், இயந்திரத்தில் உங்களை அடையாளம் காட்டப்போவது அதுதான்.

சின்னம்

சுயேச்சை வேட்பாளர், ஆணையம் வெளியிடும் சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலிலிருந்து மூன்றை விருப்ப வரிசையில் மனுவிலேயே எழுத வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு விதி இங்கே இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட மனுக்கள் கொடுத்தால், முதலில் கொடுத்த மனுவில் எழுதிய சின்னங்களே கணக்கில் எடுக்கப்படும், அந்த மனு தள்ளுபடியாகியிருந்தாலும்கூட. ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால், பதிவுபெற்ற கட்சியின் வேட்பாளருக்குச் சுயேச்சையைவிட முன்னுரிமை உண்டு. சமநிலையில் இருப்பவர்களுக்குள் குலுக்கல். சின்னம் மாறினால் எல்லாம் போயிற்று என்று அஞ்ச வேண்டாம். 2017-ல் ரத்தான ஏப்ரல் தேர்தலில் தொப்பிச் சின்னத்தோடு பிரசாரம் செய்த டி.டி.வி. தினகரன், டிசம்பரில் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று ஆர்.கே.நகரில் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

பதிவுபெற்ற சிறிய கட்சியின் வேட்பாளராக இருந்தால், கட்சி நிறுத்தும் வேட்பாளர் நீங்கள்தான் என்று கட்சித் தரப்பில் கையெழுத்திட்டுத் தரும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். அவை மையால் இட்ட அசல் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நகலும் ரப்பர் முத்திரைக் கையெழுத்தும் செல்லாது. அவை வந்து சேராவிட்டாலும், பத்துப் பேர் முன்மொழிந்திருப்பதால் உங்கள் மனு சுயேச்சை மனுவாக நிற்கும். கட்சியின் பெயர்தான் கிடைக்காது.

கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் பொதுச் சின்னம் வேண்டுமென்றால், அவையின் பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பம் தொடங்கிவிடும், முந்தியவருக்கே முன்னுரிமை. 2021-ல் கரும்பு விவசாயி சின்னத்தில் நின்ற நாம் தமிழர் கட்சி, 2024-ல் அதை வேறொரு கட்சியிடம் இழந்து மைக் சின்னத்தில் நின்றது இதனால்தான். மேலும் சட்டமன்றத் தேர்தலில் ஐந்து சதவீதத் தொகுதிகளிலாவது, அதாவது நம் 234-ல் 12-லாவது, மக்களவை என்றால் இரண்டிலாவது நிற்க வேண்டும். 2024-ல் திருச்சியில் மட்டும் நின்ற ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டி கிடைத்ததற்கு இந்த விதியே காரணம்.

பரிசீலனை அறையில்

வேட்பாளர், அவருடைய தேர்தல் முகவர், முன்மொழிந்தவர்களில் ஒருவர், எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற மற்றொருவர் ஆகிய நால்வர் மட்டுமே உள்ளே இருக்கலாம். மற்ற முன்மொழிபவர்கள் கூப்பிட்ட குரலுக்கு வரும் தூரத்தில் இருக்கட்டும். எழுத்துப்பிழை, எண் பிழை போன்ற சிறு குறைகளுக்காக மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. யாராவது ஆட்சேபம் எழுப்பினால், அதற்கு மறுப்புச் சொல்ல அவகாசம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதிகபட்சம் பரிசீலனைக்கு அடுத்த இரண்டாம் நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அலுவலரின் கடமை. அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

தள்ளுபடியான மறுநாளே உயர் நீதிமன்றத்துக்குப் போய் தடை வாங்கிவிடலாம் என்று ஆறுதல் சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். நாமக்கல் தொகுதி மனுத் தள்ளுபடியை எதிர்த்துப் பொன்னுசாமி தொடுத்த வழக்கில், 1952-லேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது: தேர்தல் நடைமுறை தொடங்கிவிட்டால், முடிவு வந்த பிறகு தேர்தல் வழக்காகத்தான் அதைக் கேட்க முடியும். முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் அந்த வழக்கைத் தொடரலாம். மனு தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டது என்று நிரூபணமானால் அந்தத் தொகுதியின் தேர்தலே செல்லாததாகிவிடும். அந்த நாளில் எழுதிக் கொடுத்த கடிதங்களும் ஒப்புகைகளும்தான் அப்போது உங்களுக்குச் சாட்சி.

இறுதிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் செலவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது என்று பொருள். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு உச்ச வரம்பு 2022 முதல் 40 இலட்சம் ரூபாய். அந்த வரம்பைச் சிறிய வேட்பாளர் எட்டப்போவதில்லை. ஆனால் துண்டறிக்கை, ஆட்டோ வாடகை, ஒலிபெருக்கி என்று அன்றாடம் எழுதி, பிரசாரக் காலத்தில் மூன்று முறை செலவினப் பார்வையாளரிடம் பதிவேட்டைக் காட்ட வேண்டும். தோற்றவர்களும் முடிவு வந்த 30 நாட்களுக்குள் முழுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் மூன்று ஆண்டுகளுக்குப் போட்டியிட முடியாமல் ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். ஆகவே மிகக் குறைவாகச் செலவு செய்தவரும் கணக்கை எழுதிக் கொடுத்து, அதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.